சென்னைக்குள் பல ஊர்: சவுகார்பேட்டையா, மண்ணடியா, திருவல்லிக்கேணியா?

வேலைக்காகச் சென்னைக்கு வந்து, சோழிங்கநல்லூரிலோ பெரும்பாக்கத்திலோ வருஷக்கணக்கில் குடியிருந்தும், சென்ட்ரலைத் தாண்டி வடக்கே கால் வைக்காதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அவ்வப்போது கேட்பார்கள்: ஒரு நாள் கிடைத்திருக்கிறது, பல மொழிக்காரர்களும் பல மதத்தவர்களும் கலந்து வாழ்கிற பழைய பகுதி ஒன்றை நடந்தே சுற்றிப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம்? ஒருவர் சவுகார்பேட்டை என்பார், இன்னொருவர் மண்ணடி என்பார், மூன்றாமவர் ராயபுரம் என்பார். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடத் திட்டம் போட்டால் ஒன்றையும் பார்க்க முடியாது, நாள் முழுக்க ஆட்டோவில்தான் போகும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை என்றால் திருவல்லிக்கேணி. அடுத்தது மண்ணடியும் அரண்மனைக்காரன் தெருவும். சாப்பாடுதான் முக்கியம் என்றால் சவுகார்பேட்டை. ராயபுரம், பெரம்பூர் இரண்டும் அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் மட்டும். இந்த வரிசையோடு சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள், குறிப்பாக வடசென்னைக்காரர்கள். வரட்டும், காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பகுதிகள் சென்னையில் இரண்டு விதம். ஒரு சமூகம் வந்து, வாழ்ந்து, போய்விட்டது, கட்டடமும் கல்லறையும் தெருப்பெயரும் மட்டும் நிற்கின்றன. இது ஒரு விதம். இன்னொன்றில் ஆட்கள் இன்றைக்கும் அங்கேயே சமைக்கிறார்கள், கடை திறக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், வாடகைக்குச் சண்டை போடுகிறார்கள். முதல் விதத்தைப் பார்க்க ஒரு நல்ல வழிகாட்டிப் புத்தகம் போதும். இரண்டாவதற்கு நீங்கள் சரியான நேரத்தில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கென்று ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளையில் போனால் தெரு தானாகவே தன்னைக் காட்டும், தப்பான வேளையில் போனால் பூட்டிய ஷட்டரையும் நிறுத்திவைத்த மீன்பாடி வண்டியையும் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று திரும்பி வருவீர்கள். அதனால் எந்த ஊர் அழகு என்று கேட்பதைவிட, உங்கள் கையில் இருக்கிற அந்த அரை நாள் எந்த அரை நாள் என்று பார்த்து முடிவு செய்வதுதான் சரி.

முதலில் சவுகார்பேட்டை. எல்லோரும் பேர் சொல்கிற இடம் இதுதான். ராஜஸ்தானின் மார்வார் பகுதியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வணிகத்துக்கு வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. தங்கசாலைத் தெருவில், அதாவது மின்ட் ஸ்ட்ரீட்டில், ஒரு பக்கம் பளிங்கு வேலை செய்த ஜைனக் கோயில், கொஞ்ச தூரத்தில் ஏகாம்பரேஸ்வரர் கோயில். அந்தச் சிவன் கோயிலைக் கட்டியது 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு வணிகம் செய்த அலங்காத்தா பிள்ளை. கொத்தவால் சாவடியில் ஆரிய வைசியர்களின் கன்னிகா பரமேஸ்வரி கோயில். ராசப்ப செட்டித் தெருவில் வள்ளலார் பாடிய கந்தகோட்டத்து முருகன், கோயிலைச் சுற்றி நாட்டு மருந்துக் கடைகளின் வாசனை. வடக்கே போனால் ஏழுகிணறு, 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஏற்பாடு செய்த இடம். வள்ளலார் இளமையில் வாழ்ந்த வீடும் அங்கேதான் இருக்கிறது. மார்வாடிகளின் ஊர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவருக்கு, அதற்கு முன்னால் இங்கே தெலுங்கு வணிகர்களும் தமிழ் வணிகர்களும் ஊன்றியிருந்தார்கள் என்பது கோவிந்தப்ப நாயக்கன், நைனியப்ப நாயக்கன் என்று தெருப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனாலே தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பகலில் சவுகார்பேட்டை நடப்பதற்கான இடம் இல்லை. மொத்த வியாபாரம் நடக்கிற நேரத்தில் கைவண்டி, ஸ்கூட்டர், தலைச்சுமை, துணி மூட்டை எல்லாம் ஒரே சந்தில் வரும், நீங்கள் நின்று ஒரு கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தால் பின்னால் நான்கு பேர் காத்திருப்பார்கள். அவர்கள் பிழைப்பை மறித்துக்கொண்டு நிற்பது நியாயமும் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு போங்கள். காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபியும் பாதாம் பாலும், நாவல்ட்டி டீ ஹவுஸில் பாவ் பாஜி, தெருவோரத் தள்ளுவண்டியில் முறுக்கு சாண்ட்விச். இந்த முறுக்கு சாண்ட்விச்சை எல்லோரும் ஒரு முறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது ராஜஸ்தானிலும் கிடைக்காது, தஞ்சாவூரிலும் கிடைக்காது. இரண்டு தட்டு முறுக்குக்கு நடுவே பச்சைச் சட்னி தடவி, வெள்ளரி, தக்காளி, பீட்ரூட் வில்லைகள் வைத்து, மேலே மசாலாத் தூள் தூவிக் கொடுப்பார்கள். சாண்ட்விச் வடக்கிலிருந்து வந்தவர்களின் பழக்கம், முறுக்கு நம்முடையது, இரண்டும் சேர்ந்தது இந்தத் தெருவில்தான். அப்புறம் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டரின் நெய் ஊத்தப்பம். தட்டில் நெய் தேங்கும். அளவாகச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு, வெங்காயம் பூண்டு கூடாது என்கிறவர்களுக்கு, சென்னையில் இதைவிட நிம்மதியான இடம் வேறு இல்லை. குறை என்னவென்றால் அங்கே நீங்கள் எப்போதும் வாடிக்கையாளர்தான். வாங்குவீர்கள், சாப்பிடுவீர்கள், நகர்வீர்கள். வீடுகள் மேல்மாடியில் இருக்கின்றன, வாழ்க்கை அங்கே நடக்கிறது, தெருவில் நடப்பது வியாபாரம். நவராத்திரி நேரமாக இருந்தால் கொஞ்சம் வேறு மாதிரி, தாண்டியா நடக்கும் இடங்களில் இளைஞர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போவதைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் நல்ல சாப்பாடு, நல்ல கடைத்தெரு, அவ்வளவுதான்.

மண்ணடி அப்படி இல்லை. சவுகார்பேட்டையிலிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலை வழியே கிழக்கே கடலைப் பார்த்து நடந்தால் வந்துவிடும், ஆனால் காற்றே மாறிவிடும். 2019இல் மெட்ரோ வந்த பிறகு மண்ணடி நிலையத்தில் இறங்கி மேலே வந்தாலே போதும். இங்கே நான் சிபாரிசு செய்வது ஒரே ஒரு தெருவை முழுசாக நடப்பது, அரண்மனைக்காரன் தெரு, ஆங்கிலத்தில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட். அங்கே ஆர்மீனியர்களின் மாதா கோயில் இருக்கிறது. 1712இல் முதலில் கட்டி, 1772இல் மறுபடி எழுப்பியது. உள்ளே போனால் வெளியே இருக்கிற ஹாரன் சத்தம் சட்டென்று குறைந்துவிடும், தரையெங்கும் ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள், தனியாக நிற்கிற மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழி இதழ் அச்சானது 1794இல் இந்தச் சென்னையில்தான், அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோன்யன் இந்த வளாகத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே முதல் பாலம் போட்டதும், பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்துக் கொடுத்ததும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வணிகர். இவ்வளவு செய்த சமூகம் இன்று இந்த நகரத்தில் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கோயிலில் நிற்கும்போது எனக்கு எப்போதும் மனசு கனக்கும். பாலமும் படியும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் பெயர், அந்தப் பாலத்தில் தினமும் போகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே தெருவில், அந்த அமைதியான வளாகத்துக்குப் பக்கத்திலேயே, செயின்ட் மேரீஸ் இணைப் பேராலயம். ஊர்க்காரர்களுக்கு அது அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை போங்கள். பூ வைத்த தலைகளும் பர்தாவும் பட்டையிட்ட நெற்றியும் சேர்ந்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும். தெருவின் இன்னொரு பக்கம் கச்சாலீஸ்வரர் கோயில். தம்புச் செட்டித் தெருவுக்குத் திரும்பினால் காளிகாம்பாள், பாரதியார் வழிபட்ட அம்மன். இன்னும் வடக்கே அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் பள்ளிவாசல்கள், தமிழ் முஸ்லிம்களின் கடைகள், வீடுகள், விடுதிகள். பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் பவளமும் வைரமும் விற்ற யூதர்கள் இருந்தார்கள், பிறகு அதே தெரு நகரத்தார் தெரு ஆனது. பகலில் இங்கேயும் வியாபார நெரிசல் உண்டு, ஆனால் சவுகார்பேட்டை அளவுக்கு மூச்சு முட்டாது, ஒதுங்கி நிற்க ஒரு கோயில் வாசலாவது கிடைக்கும்.

சாயங்காலம் ஆனதும் செகண்ட் லைன் பீச் ரோடு, அத்தோ கடைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள், 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஓரிரு வருஷத்தில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியதும், சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பிழைப்புக்காகத் துறைமுகத்துக்கு எதிரே உருவானதுதான் பர்மா பஜார். கூடவே ஒரு சமையலும் வந்து இறங்கியது. அத்தோ போடுகிறவர் முன்னால் நின்று பாருங்கள். பெரிய சட்டியில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவித்து வைத்திருப்பார், அதில் ஒரு கைப்பிடி, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், மேலே உடைத்துப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு தட்டை, கடைசியாகக் கொத்தமல்லி. கரண்டி கிடையாது, கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். கூட ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணீர் ஊற்றித் தருவதற்கு முட்டை பேஜோ என்று பெயர், அதை ஒரே வாயில் போட வேண்டும். வியாசர்பாடியில் பர்மாக்காரர்கள் குடியமர்ந்த பகுதிகளிலும் அத்தோ கிடைக்கும். இன்றைக்கு நகரம் முழுக்கவே பரவிவிட்டது. ஆனால் கப்பல் வந்து நின்ற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நின்று அதைச் சாப்பிடுவது வேறு.

ஆக, இந்த இரண்டில் எது? தெலுங்கு, மார்வாடி, குஜராத்தி, தமிழ் என்று பார்த்தால் சவுகார்பேட்டையும் குறைந்ததில்லை. ஆனாலும் மண்ணடிக்குத்தான் என் ஓட்டு. அடுத்தடுத்த தெருக்களில் மூன்று மதம், போன சமூகமும் இருக்கிற சமூகமும் பக்கத்துப் பக்கத்தில், பத்து நிமிட நடைக்குள் எல்லாம் வந்துவிடும். காலையில் போனால் ஆர்மீனியக் கோயில் திறந்திருக்கும், சாயங்காலம் போனால் அத்தோ. இரண்டும் வேண்டுமென்றால் மதியம் எங்கேயாவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இதுதான் மண்ணடியின் ஒரே சங்கடம். ஞாயிற்றுக்கிழமை போவது நெரிசலுக்கு நல்லது, கடைகளுக்கு நல்லதில்லை.

இப்போது திருவல்லிக்கேணி. இதை ஏன் முதலில் வைத்தேன் என்றால், மற்ற இடங்களில் சமூகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இங்கே ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து இருக்கின்றன.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி வாலாஜா சாலை வழியாக நடந்து வந்து பெரிய மசூதியில் தொடங்குங்கள். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1760களில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடிவந்தார். அவரோடு உருது பேசும் குடும்பங்களும் புலவர்களும் படைவீரர்களும் கணக்கர்களும் வந்து அமர்ந்தார்கள். மசூதி 1795இல் நவாப் குடும்பம் கட்டியது. சாம்பல் நிறக் கருங்கல், இரண்டு உயர்ந்த மினார், முன்னால் பெரிய திறந்தவெளி. அதன் உள்ளே கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீக வாசகம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர் ராஜா மக்கன் லால் கிரத், நவாபிடம் பணியாற்றிய ஒரு இந்து. ஒரு மசூதியின் சுவரில் இந்துப் புலவர் ஒருவரின் பாரசீகம், இருநூறு வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது, யாரும் எடுக்கவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை.

ரமலான் மாதமாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், நேரே இங்கேதான் வர வேண்டும். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் நடத்தும் சூஃபிதார் கோயிலில் இருந்து, நோன்பு திறப்பதற்கான உணவு சமைத்து இந்த மசூதிக்கு வருகிறது. வெளியாட்களை வைத்துப் பரிமாறுவதில்லை, அந்தச் சிந்தித் தொண்டர்களே வந்து பரிமாறுகிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. தேசம் பிரிந்தபோது வீடு வாசலை இழந்து வந்தவர்கள், அந்தப் பிரிவினைக்கு எதன் பெயரைச் சொன்னார்களோ அதே மதத்தாருக்கு மாலை நேரத்தில் சாப்பாடு பரிமாறுகிறார்கள். இதைப் பற்றிப் படிப்பதும் நல்லதுதான், அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நிற்பது அதைவிட நல்லது. ஓரமாக நில்லுங்கள், பரிமாறுகிறவர்களின் வழியில் நிற்காதீர்கள், படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

மசூதியிலிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை, ஜாம் பஜார் என்று கதை பேசிக்கொண்டே நடந்தால் பதினைந்து இருபது நிமிஷத்தில் பார்த்தசாரதி கோயில் வாசலுக்கு வந்துவிடலாம். பல்லவர் காலத்துக் கல்வெட்டு உள்ள கோயில், ஆழ்வார்கள் பாடியது, மீசை வைத்த பெருமாள். இந்த நடையில்தான் திருவல்லிக்கேணி என்ன என்று புரியும். அத்தர் கடையில் அண்ணன் தம்பிக்குள் உருது, வந்தவரிடம் தமிழ், போனில் யாரிடமோ இந்தி. கொஞ்சம் தள்ளி திருமண் இட்ட பெரியவர் ஒருவர் காய்கறி பேரம் பேசிக்கொண்டிருப்பார். மேலே மேன்ஷன் மாடிகளில் துண்டு காய்ந்துகொண்டிருக்கும், நெல்லையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒரு காலத்தில் வந்த பையன்களின் இடத்தில் இன்று ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள். 1927இல் தொடங்கிய முசல்மான் என்ற உருது நாளிதழ் இந்தப் பேட்டையைச் சேர்ந்ததுதான், கணினி வந்த பிறகும் பக்கங்களைக் கையாலேயே எழுதி அச்சடித்து வந்த பத்திரிகை. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு, இப்போது நினைவு இல்லம். எல்லா மதமும் ஒன்று என்று பாடிய ஒருவர் குடியிருக்க இதைவிடப் பொருத்தமான பேட்டை எது?

சாப்பாடும் இங்கே ஒரு சாதிக்கு, ஒரு மதத்துக்கு என்று இல்லை. 1948 முதல் இருக்கிற ரத்னா கபேயில் சாம்பார் இட்லி, சாம்பார் வாளியோடு வந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சேப்பாக்கம் பக்கம் 1961 முதல் நடக்கிற நாயர் மெஸ்ஸில் மலையாள மீன் சாப்பாடு, மதியம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மசூதிப் பக்கம் பிரியாணிக்கும் கபாப்புக்கும் குறைவே இல்லை. நடந்து களைத்துவிட்டால் கிழக்கே கடற்கரை. சவுகார்பேட்டையிலோ மண்ணடியிலோ இந்த வசதி இல்லை, களைத்தாலும் கூட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும். வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

திருவல்லிக்கேணியில் பிள்ளையார் ஊர்வல நேரத்தில் பதற்றம் இருந்தது, இருக்கிறது, போலீஸ் நிற்கும். அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. சேர்ந்து வாழ்வது தானாக நடக்கிற காரியம் இல்லை, அந்தத் தெருக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் உழைத்துக் காப்பாற்றுகிற காரியம். அதனால்தான் இதை முதலில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

ராயபுரத்துக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பிய ஸ்டேஷன் இங்கேதான் இருக்கிறது. மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னிக் கோயில், 1910இல் திறந்தது, தமிழ்நாட்டில் அவர்களுக்கு இது ஒன்றுதான். பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது, அது அவர்கள் மத வழக்கம், வாசலோடு திரும்ப வேண்டும். எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான், ஆனால் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவ் இந்தச் சமூகத்தவர். பக்கத்தில் மீனவர்களும் படகுக்காரர்களும் கட்டியெழுப்பிய கிறிஸ்தவக் கோயில்கள், விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலம். காசிமேடு மட்டும் தனியாகவே போகத் தகுந்தது, ஆனால் அது விடிவதற்கு முன் எழுந்திருக்கத் தயாரானவர்களுக்கு. மற்றபடி, ராயபுரத்தில் தெரிந்தவர் இல்லாமல் தெருவில் நடந்தால் மூடிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

பெரம்பூரும் அப்படித்தான். ரயில்வே பணிமனைகளைச் சுற்றி வளர்ந்த ஆங்கிலோ இந்தியர் பேட்டை. 1955இல் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்ததும் மலையாளிகள், வங்காளிகள், தெலுங்கர்கள் என்று நாடே குடியேறியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. மிச்சம் இருப்பவர்களின் மஞ்சள் தேங்காய்ச் சோறும் கோலா உருண்டை மாதிரியான ‘பால் கறி’யும் (ball curry, பந்து மாதிரி உருட்டிய கறிக் குழம்பு) ஓட்டலில் கிடைக்காது, வீட்டில்தான் கிடைக்கும். உங்கள் அலுவலகத்தில் ஒரு டிசோசாவோ ராட்ரிகஸோ இருந்து டிசம்பரில் வீட்டுக்குக் கூப்பிட்டால், இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அங்கே போங்கள். பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழாவுக்குப் போவது இன்னொரு வழி, அதற்கு அழைப்பு தேவையில்லை.

பழைய ஊர் வேண்டாம், இன்றைக்கு வந்துகொண்டிருப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் கிரீம்ஸ் சாலை. பெரிய மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்களை நம்பி, பின்பக்கத் தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை மாட்டிய லாட்ஜுகளும், கடுகெண்ணெயில் மீன் சமைக்கிற சின்ன மெஸ்களும் முளைத்திருக்கின்றன. சாப்பாடு நன்றாக இருக்கும். ஆனால் பக்கத்து மேஜையில் இருப்பவர் நோயாளியின் மகனாக இருப்பார், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அங்கே கேமராவை வெளியே எடுக்காதீர்கள். வளசரவாக்கத்தில் ஈழத் தமிழர்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஹூண்டாய் ஆலையோடு வந்த கொரியர்கள் என்று இந்த வரிசை நீளும், அவை ஒரு நாள் நடைக்கான இடங்கள் இல்லை.

எங்கே போனாலும் ஒரு விஷயம். நம் ஊரில் "சேட்டு" என்று ஒரு வார்த்தை, "வடக்கன்" என்று ஒரு வார்த்தை சரளமாகப் புழங்குகிறது. முதலாவதைப் பலர் கெட்ட எண்ணம் இல்லாமலே சொல்கிறார்கள், இரண்டாவது வசவு. சவுகார்பேட்டையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் உங்களைவிடச் சுத்தமான சென்னைத் தமிழ் பேசுவார், அவருடைய தாத்தாவே இங்கே பிறந்திருக்கலாம். "அண்ணா" என்று கூப்பிடுங்கள், மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் "பாய்" என்பது மரியாதையாகவே எடுத்துக்கொள்ளப்படும். கோயிலோ மசூதியோ சர்ச்சோ, தொழுகை நேரத்தில் உள்ளே புகாதீர்கள், கேட்டுவிட்டு நுழையுங்கள், தலையை மூடச் சொன்னால் மூடுங்கள். ஏதாவது ஒன்று வாங்குங்கள். ஒரு டீயாவது.

சரி, முடிவு எடுக்க வேண்டியவர்களுக்கு. செவ்வாய்க்கிழமை லீவு கிடைத்தால் காலையில் மண்ணடி, அந்தோணியார் கோயில் கூட்டத்தோடு. சனிக்கிழமை மாலை மட்டும்தான் நேரம், கூட நான்கு நண்பர்கள், எல்லோருக்கும் பசி என்றால் சவுகார்பேட்டை. ரமலான் மாதத்தில் எந்த நாளாக இருந்தாலும் திருவல்லிக்கேணி, நாலரை மணிக்கே போய்விடுங்கள். வேறு மாதங்களில் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறீர்கள் என்றாலும் திருவல்லிக்கேணிதான், மதியச் சாப்பாட்டுக்கு நாயர் மெஸ்ஸில் தொடங்கி, வெயில் தாழ்ந்ததும் மசூதி, கோயில், கடற்கரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஜார்ஜ் டவுன் சந்துகளில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், அந்த மாதங்களில் மண்ணடியையும் சவுகார்பேட்டையையும் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.